கரையிலேயே தீரவேண்டிய கணக்கு

பாம்பன் முதல் தொண்டி வரை பரவியிருக்கும் எங்கள் கிறிஸ்தவக் கடலோர ஊர்களில், ஒருவருடைய நடத்தையைப் பற்றி யாராவது வாய் திறந்து கேட்டுவிட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நான் கடவுளுக்குக் கணக்குக் கொடுத்துக்கொள்கிறேன், கேட்பதற்கு நீ யார்?" கேட்பவரின் வாயை அடைத்துவிடும் இந்தப் பதிலுக்குப் புனித பவுலின் ஆதரவும் இருப்பதுபோலத் தோன்றும், உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில், நாம் ஒவ்வொருவரும் நம்மைப்பற்றிக் கடவுளுக்குக் கணக்குக் கொடுப்போம் என்று அவர் எழுதத்தான் செய்கிறார். ஆனால் அதே பவுல், எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டப்பட்ட காணிக்கை தம் பொறுப்பில் வந்தபோது, தம் உடனுழைப்பாளரான தீத்துவோடு சபைகளின் நன்மதிப்பைப் பெற்ற வேறு சகோதரர்களையும் சேர்த்து அனுப்புகிறார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் யாரும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது என்றும், ஆண்டவர் முன்னிலையில் மட்டுமல்ல, மனிதர் முன்னிலையிலும் நேர்மையாக நடக்க விரும்புகிறோம் என்றும் கொரிந்தியருக்குக் காரணமும் சொல்கிறார். தம் மனச்சான்றின்மீது அவருக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்தும் சாட்சிகளை வைத்துக்கொண்டார். கடவுளுக்குச் சேரவேண்டிய கணக்கின் பெரும்பகுதி மனிதர் வழியாகத்தான் அவரிடம் போய்ச் சேருகிறது என்பது என் எண்ணம்.

இதை எங்கள் ஊரில் விளக்குவதற்குப் படகுக் கணக்கைத் தவிரப் பொருத்தமான இடம் கிடையாது. விசைப்படகு கரைக்கு வந்ததும் இறால், நண்டு, கணவாய், மீன் எல்லாம் வகை பிரித்து எடைபோடப்படுகின்றன. கோழித் தீவனத்துக்குப் போகும் சங்காயம் என்ற கழிவு மீன் தனியாகக் கூடையில் அள்ளப்படுகிறது. விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றைக் கழித்துவிட்டு மீதியை உரிமையாளரும் கடலுக்குப் போனவர்களும் வழக்கப்படி பங்கிட்டுக்கொள்கிறார்கள். தினக்கூலி முறையைவிட இது நியாயமான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் மீன் கிடைக்காத நாளின் இழப்பையும் எல்லாரும் சேர்ந்தே சுமக்கிறார்கள். ஆனால் அந்த நியாயம் முழுவதும் ஓர் இடத்தில் தொங்குகிறது: கழிக்கவேண்டிய செலவு எவ்வளவு என்பதை யார் சொல்கிறார், அதை யார் சரிபார்க்கிறார்? டீசல் விலை எல்லாருக்கும் தெரியும், எத்தனை லிட்டர் ஊற்றப்பட்டது என்பது உரிமையாளருக்கும் டிரைவருக்கும் மட்டுமே தெரியும். வியாபாரி தந்த விலை ஒன்றாகவும், பங்குக் கணக்கில் எழுதப்பட்ட விலை வேறாகவும் இருந்தால் கடலில் இரவெல்லாம் வலை இழுத்தவர் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை; கண்டுபிடித்தாலும், வீட்டுத் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ அவர் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருப்பார் என்பதால், அதைத் திருப்பிக் கட்டாமல் வேறு படகுக்கு மாற முடியாது, ஆகவே கேட்கவும் மாட்டார்.

பாசி எடுக்கும் பெண்களின் நிலை இன்னும் இறுக்கமானது. மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரங்களில் மூழ்கி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பிய்த்தெடுத்த பாசியைக் காயவைத்து அவர்கள் விற்கும்போது, மண்ணுக்கும் ஈரத்துக்கும் என்று எடையில் எவ்வளவு தள்ளுவது என்பதை வாங்குபவரே முடிவுசெய்கிறார். லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம், கூலியாளின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே என்று ஓரிடத்திலும், தராசும் எடைக்கல்லும் நேர்மையாக இருக்கட்டும் என்று இன்னோர் இடத்திலும் சொல்கிறது. அந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில்தான், உன்மீது அன்புகூர்வதுபோல் உனக்கு அடுத்திருப்பவர்மீதும் அன்புகூர்வாயாக என்ற, எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் வசனம் இருக்கிறது. நடுவில் இருப்பதை மட்டும் சுவரில் எழுதி மாட்டிக்கொள்கிறோம்.

இந்த மாதிரிக் கணக்குகள் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, எப்படித் தீர்கின்றன என்று யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் தீர்வதில்லை என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. கோபப்பட்டேன், பொய் சொன்னேன், ஞாயிறு திருப்பலிக்கு வரவில்லை என்று சொல்லி, மூன்று அருள்நிறைந்த மரியே செபத்தை அபராதமாகப் பெற்று வெளியே வந்துவிடுகிறோம். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இதில் எந்த மங்கலுக்கும் இடம் வைக்கவில்லை: பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகிறது, ஆனால் அந்தப் பாவம் விளைவித்த கேட்டையெல்லாம் சரிசெய்துவிடுவதில்லை, ஆகவே திருடியதைத் திருப்பிக் கொடுப்பதும் கெடுத்த நற்பெயரை மீட்டுக் கொடுப்பதும் மனம் வருந்தியவரின் கடமையாகவே இருக்கின்றன. இது புதிதாகச் சேர்த்த விதி அல்ல. எண்ணிக்கை நூலின் 5ஆம் அதிகாரத்திலேயே, பாவத்தை அறிக்கையிடுகிறவர் தாம் இழைத்த குற்றத்துக்கு முழு ஈடும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து, யாருக்குத் தீங்கு செய்தாரோ அவருக்கே கொடுக்கவேண்டும் என்று இருக்கிறது. எரிகோவின் வரி வசூலிப்போர் தலைவரான சக்கேயு அந்த ஐந்தில் ஒன்றோடு நிற்காமல், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகே, இன்று இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று இயேசு சொல்கிறார். உண்டியலில் போடுவதால் இந்தக் கடன் அடையாது. பணம் போகவேண்டிய வீட்டின் முகவரி நமக்குத் தெரியும்.

தவக்காலத்தில் எங்கள் பகுதியினர் ஓரியூருக்கு நடந்து போவதுண்டு. அங்கே 1693 பிப்ரவரி 4 அன்று தலைவெட்டப்பட்ட போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு புனித அருளானந்தரின் (ஜான் தெ பிரிட்டோ) இரத்தம்தான் அந்த மணலைச் சிவப்பாக்கியது என்று நம்பி, சிறிது மண்ணை எடுத்து வருகிறோம். அவர் கொல்லப்பட்டதன் பின்னணியில் இருந்தது ஒரு கணக்குத்தான்: தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் திருமுழுக்குப் பெற விரும்பியபோது, சாதாரணக் குடியானவரிடம் கேட்பதையே அவரிடமும் கேட்டு, பல மனைவியருள் ஒருவரோடு மட்டும் வாழவேண்டும் என்றார் குரு. விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவரான கடலை என்பவர், இராமநாதபுரத்தின் சேதுபதி மன்னரின் உறவுப் பெண் என்பதால் புகார் அரண்மனைக்குப் போனது. பெரிய மனிதர் என்று சலுகை காட்டாத அந்தத் துணிவைப் பங்குத்தந்தையர் ஆண்டுதோறும் மறையுரையில் எடுத்துச் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் ஒருவருடைய மனமாற்றத்துக்காக வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட பெண்களுக்கு அந்த வீட்டுக்காரர் என்ன கடன்பட்டிருந்தார் என்ற கேள்வியை அந்த மறையுரைகளில் நான் கேட்டதே இல்லை. என் மனம் திரும்பியதற்கான விலையை வேறொருவர் கொடுக்கும்படி ஆகிவிட்டால் அதற்கும் நான்தானே பொறுப்பு?

தனியாள் கணக்கைவிடச் சிக்கலானது ஊர்க் கணக்கு. ஒவ்வொரு திருப்பலியின் தொடக்கத்திலும் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் மட்டுமல்ல, கடமையில் தவறியதாலும் பாவம் செய்ததாக நெஞ்சில் தட்டிக்கொள்கிறோம். இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும், தடைசெய்யப்பட்ட இரட்டைமடி வலை எந்தப் படகில் ஏறுகிறது, 2001 முதல் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கும் கடல் அட்டை எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் ஊருக்குத் தெரியாத இரகசியங்கள் அல்ல. பிறர் செய்யும் பாவத்தைக் கட்டளையிட்டோ, அறிவுரை சொல்லியோ, பாராட்டியோ ஊக்குவித்தால் மட்டுமல்ல, தடுக்கக் கடமைப்பட்டிருந்தும் தடுக்காமலும், செய்தவரைப் பாதுகாத்தும் இருந்தால்கூட நமக்குப் பொறுப்பு உண்டு என்று அதே மறைக்கல்வி சொல்கிறது. அதற்காக எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. கடனுக்குப் பயந்து மூழ்கி அட்டை எடுப்பவரும், அதை வாங்கிக் கடத்திப் பணக்காரர் ஆகிறவரும் ஒரே அளவு குற்றவாளிகள் அல்லர். மிகுதியாகக் கொடுக்கப்பட்டவரிடம் மிகுதியாகவே கேட்கப்படும் என்பது ஆண்டவர் வாக்கு. திருவிழா நன்கொடையாக அந்தப் பணக்காரரின் தொகையை ஒலிபெருக்கியில் வாழ்த்தி அறிவிக்கும்போது, எங்கள் ஆலயச் சமூகமான பங்கும் அந்தக் கணக்கில் ஒரு வரியாகிறது.

பங்கைப் பற்றிச் சொல்லிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: இறைமக்கள் கொடுத்த காணிக்கைக்கு இறைமக்களிடம் கணக்குக் காட்டவேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1287ஆம் பிரிவும், ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்கவேண்டும் என்று 537ஆம் பிரிவும் சொல்கின்றன. கணக்குக் கேட்பது குருவை அவமதிப்பது என்று நம் பெரியவர்கள் நினைத்துக்கொள்வதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை.

கேட்பதிலும் ஒழுங்கு உண்டு. மத்தேயு 18ஆம் அதிகாரத்தின்படி முதலில் தனியாகப் போய்ப் பேசவேண்டும், கேட்காவிட்டால் ஓரிருவரை உடன் அழைத்துக்கொண்டு போகவேண்டும், அதன் பிறகே சபையிடம் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் இது தேநீர்க்கடையில் தொடங்கி, சம்பந்தப்பட்டவரின் காதுக்குக் கடைசியாக வந்து சேருகிறது.

பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவான எங்கள் அன்பியத்தின் கூட்டத்தில் நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதற்கு முன்பாக, அன்பியத்தில் இருக்கும் படகு உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் தம் படகில் போனவர்களோடு உட்கார்ந்து, டீசல் சீட்டையும் வியாபாரியின் சீட்டையும் மேசைமேல் வைத்து, முன்பணம் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்பதை இரு தரப்பாரின் நோட்டிலும் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே அது. சண்டை வரும் என்றார்கள். வரத்தான் செய்யும், அதனால்தான் ஓரிருவரை உடன் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். முதல் கூட்டத்துக்கு இரண்டு உரிமையாளர்கள் சம்மதித்திருக்கிறார்கள், ஒருவர் இன்னும் யோசிக்கிறார்.