அம்மிக்கொழவியும் ஈராஸும்

2019 ஜனவரில வந்த மார்கழி அமாவாசைய ஒட்டி நாலஞ்சு ராத்திரி நான் சரியாவே தூங்கல. களக்காட்டுப் பக்கம் எங்க வீட்டு தட்டட்டில ஆறு இஞ்ச் டெலஸ்கோப்பையும் கேமராவையும் மாட்டி, ஈராஸ்ங்கிற சிறுகோள் தன்னத்தானே ஒரு சுத்து சுத்த எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்க, அத நிமிஷத்துக்கு ஒரு போட்டோன்னு எடுத்துக்கிட்டே கெடந்தேன், ஏன்னா அந்த வருஷம் பொங்கல் சமயத்துல அது நமக்கு சுமார் 3 கோடி கிலோமீட்டர் வரைக்கும் பக்கத்துல வந்துச்சு, அந்த வாய்ப்ப விட மனசு வரல.

ஆச்சி மெதுவா படியேறி வந்து லேப்டாப்ப எட்டிப் பாத்தா. "ஏல, இந்தப் பொட்டு சுத்துதுங்கியே, எனக்கு சும்மாதான நிக்கி"ன்னா. நியாயமான கேள்விதான். என் டெலஸ்கோப்புல அது கடைசி வரைக்கும் வெறும் புள்ளிதான்.

கீழ போய் அம்மிக்கொழவிய தூக்கிட்டு வந்தேன். நல்ல கனம். அத நீளவாக்குல பிடிச்சு டார்ச் அடிச்சா நெறைய வெளிச்சம் திரும்புது, முனைய நம்ம பக்கம் திருப்புனா கம்மியாயிடுது. ஒரு முழு சுத்துக்கு ரெண்டு தடவ நீளப்பக்கம், ரெண்டு தடவ முனை. ஈராஸும் கிட்டத்தட்ட கொழவி மாதிரிதான், நீளம் மட்டும் சுமார் 34 கிலோமீட்டர். ஆச்சி சட்டுனு பிடிச்சுக்கிட்டா, "அப்ப கூடிக் கொறையறத வச்சு எண்ணுத"ன்னா. அதேதான்!

ஆனா வெளிச்சம் கொறஞ்சது கல்லாலயா, மேகத்தாலயா? மலைப்பக்கம் இருந்து மெல்லிசா மஞ்சு வந்தாலே எல்லாம் மங்கிரும். அதனால ஈராஸ தனியா அளக்கக் கூடாது, அதே போட்டோல பக்கத்துல இருக்க, மாறாத நாலு நட்சத்திரத்தோட ஒப்பிட்டு வித்தியாசத்த மட்டும் எடுக்கணும். மஞ்சு எல்லாத்தையும் ஒண்ணாத்தான் மங்க வைக்கும், வித்தியாசம் அப்படியே நிக்கும். எனக்கு இந்த வேலைலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

முதல் ராத்திரி கிராஃப் போட்டதும் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் 2 மணி 38 நிமிஷம் வந்துச்சு, அதுதான் ஒரு சுத்துன்னு நோட்டுல எழுதிட்டேன். தப்பு. கொழவிய நானே காட்டிட்டு நானே மறந்துட்டேன். உத்துப் பாத்தா ரெண்டு பள்ளமும் ஒரே மாதிரி இல்ல, ஒண்ணு கொஞ்சம் ஆழம், ஏன்னா ரெண்டு முனையும் ஒரே மாதிரி இல்ல. அப்ப ரெண்டு மேடும் சேந்துதான் ஒரு சுத்து, 5 மணி 16 நிமிஷம். ஈராஸோட வெளிச்சம் கூடிக் கொறையறத 1901லயே கண்டுபிடிச்சிட்டாங்க, இருந்தாலும் நம்ம தட்டட்டில அதே கணக்கு வந்து நின்னப்ப கை நடுங்கிட்டு.

இது வெறும் பொழுதுபோக்கு இல்ல. 2022 செப்டம்பர்ல நாசாவோட டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ்ங்கிற குட்டிச் சிறுகோள்ல போய் மோதிச்சுல்லா, அந்தக் குட்டி டிடிமாஸ்ங்கிற பெரிய சிறுகோள சுத்துற நேரம் 11 மணி 55 நிமிஷத்துல இருந்து அரை மணி நேரத்துக்கு மேல கொறஞ்சதுன்னு கண்டதுல பூமில இருந்து இப்படி வெளிச்சத்த அளந்ததுக்கு முக்கியப் பங்கு உண்டு.

அடுத்தது நான் குறி வச்சிருக்கது 67 ஏசியாங்கிற சிறுகோள். 1861ல மெட்ராஸ் அப்சர்வேட்டரில இருந்து நார்மன் போக்சன்ங்கிற வானியலாளர் கண்டுபிடிச்சது, நட்சத்திர வெளிச்சத்த அளக்க இன்னைக்கும் நாம வச்சிருக்க மேக்னிட்யூட் கணக்கு, அஞ்சு படின்னா நூறு மடங்குங்கிறது, அதுவும் அவர் வகுத்ததுதான். ஏசியா ஒரு சுத்து சுத்த கிட்டத்தட்ட 16 மணி நேரம். ஒரு ராத்திரிக்குள்ள அடங்காதேன்னு மொதல்ல சோர்ந்துட்டேன், அப்புறம் கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு அது ஒண்ணரை சுத்து சுத்தும், அதாவது இன்னைக்கு ராத்திரி எட்டு மணி நேரம் ஒரு பக்கத்தப் பாத்தா நாளைக்கு அதே நேரத்துக்கு மறுபக்கம் தானா வந்து நிக்கும். மானம் தெளிவா ரெண்டு ராத்திரி கெடச்சாப் போதும்.