ஏலியின் வேலை

கிறிஸ்தவச் சிறுவர் முகாமில் ஆலோசகராகப் போன முதல் வருடம் என் பொறுப்பில் விட்ட அறையில் எட்டுப் பையன்கள், எல்லோருக்கும் 13, 14 வயது. பாட்டு நேரம், வேதபாடம், விளையாட்டுப் போட்டி என்று எல்லாவற்றுக்கும் பயந்து பயந்து தயாராகிப் போயிருந்தேன். ராத்திரியைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை.

பத்தரைக்கு விளக்கை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒருவன் வந்து, "அண்ணா, தண்ணி குடிக்கணும்" என்றான். குடித்துவிட்டு வந்து படுத்தான். அப்புறம், "வயிறு ஒரு மாதிரி இருக்கு." முதலுதவி அறைக்குப் போகலாமா என்றால் வேண்டாமாம். மூன்றாவது தடவை டார்ச்சைக் காணோம் என்று வந்தான். டார்ச் அவன் கையிலேயே இருந்தது. "போய்ப் படுடா" என்று சத்தம் போட்டேன். போர்வைக்குள் அவன் அழுததைப் பக்கத்துக் கட்டில் பையன்தான் காலையில் சொன்னான்.

ஆலோசகர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது மூத்தவர் ஒருவர் சிரித்தார். "சாமுவேல் கதை தெரியும்ல? அதுல நீ ஏலி" என்றார். பைபிளில் சிறுவன் சாமுவேல், யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டு ராத்திரியில் எழுந்து, ஆலயத்தின் வயதான ஆசாரியர் ஏலியிடம் ஓடுகிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படுத்துக்கொள் என்று ஏலி இரண்டு தடவை திருப்பி அனுப்புகிறார். மூன்றாவது தடவைதான், கூப்பிடுவது கடவுள் என்று அவருக்கு உறைக்கிறது. ஞாயிறு பள்ளியில் அந்தக் கதையை எப்போதும் சாமுவேலின் பக்கத்திலிருந்தே சொல்வோம். தூக்கம் கெட்ட கிழவரின் பக்கத்திலிருந்து நான் யோசித்தது அன்றைக்குத்தான். அவருக்காவது மூன்றாவது தடவை புரிந்தது.

1885இல் அமெரிக்காவில் சம்னர் டட்லி என்பவர் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்துப் பையன்களை ஓர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் முகாம் போட்டார். மொத்தம் ஏழே பேர். இன்றைக்கு அமெரிக்க முகாம் சங்கம், இரவு தங்கும் முகாம்களில் 9 முதல் 14 வயதுவரை எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர் என்கிறது. கணக்கு கிட்டத்தட்ட அங்கேயேதான் நிற்கிறது. மேடையில் பேச இருநூறு பேருக்கு ஒருவர் போதும். ராத்திரி எழுந்து வருகிறவனுக்கு அவர் எட்டமாட்டார்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு புலம்பல் உண்டு. இந்த வயதில் உடம்பின் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் போய்விடுகிறது, தூக்கத்தை வரவைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் தாமதமாகத்தான் சுரக்கும். தேவையோ 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். நாம் பிரசங்கத்தை ராத்திரி பத்துவரை இழுத்துவிட்டு, ஆறு மணிக்குக் காலைத் தியானத்துக்கு மணி அடிக்கிறோம். பிள்ளைகள் கொட்டாவி விட்டால் ஆவிக்குரிய தாகமில்லை என்கிறோம். பைபிளில் அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில் ஊழியக்காரர் பவுல் பேசப் பேச, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். பவுல் அவனைத் திட்டியதாக ஒரு வரிகூட இல்லை. இறங்கிப் போய் அணைத்துக்கொண்டார். (அப்புறம் மேலே ஏறி விடியும்வரை பேசினார் என்பது வேறு விஷயம்.)

அடுத்த வருடத்திலிருந்து வாசலோரக் கட்டில்தான் என்னுடையது. செருப்பைக் கால்மாட்டில் எடுத்து வைத்துவிட்டுத்தான் படுப்பேன். அப்படி ஒரு முகாமின் மூன்றாம் ராத்திரி ஒருவன் தண்ணீர் கேட்டு வந்தான். குடித்த பிறகும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக உட்காரக் கூடாது என்பது விதி. அதனால் வராந்தா விளக்கடியில், இரவுக் காவலில் இருந்த இன்னொரு ஆலோசகரின் கண்ணில் படும்படி, படிக்கட்டில் உட்கார்ந்தோம்.

"ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"அப்படி வாக்குக் கொடுக்க முடியாதுடா. உனக்கு ஆபத்துன்னா பொறுப்பாளர்கிட்ட சொல்லியே ஆகணும்."

பயிற்சியில் கற்ற பதில்தான். ஆனாலும் சொல்லும்போது, கதவை நானே மூடிவிட்டேனோ என்று இருந்தது. டம்ளர் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான். அப்பா வீட்டை விட்டுப் போய் ஆறு மாதமாகிறது. தினமும் ஜெபம் பண்ணுகிறான், ஒன்றும் நடக்கவில்லை.

ஆறுதல் வசனங்கள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. விழுங்கிக்கொண்டேன். "கோபம் அப்பா மேலயா, கடவுள் மேலயா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் மேலயும்."

13ஆம் சங்கீதம் 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்றுதான் தொடங்குகிறது என்று மட்டும் சொன்னேன். "பைபிள்லயேவா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.

கடைசி ராத்திரி, தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்த கூட்டத்தில், தங்களைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுப்பவர்கள் கையை உயர்த்தச் சொன்னார்கள். நெருப்பு, மெல்லிய இசை, நாளைக்குப் பிரியப்போகிற நண்பர்கள், நாலு நாள் தூக்கக் கடன். கை தானாக எழும். எல்லாமே பொய் என்று சொல்லமாட்டேன், நானும் இப்படி ஒரு ராத்திரியில் கை தூக்கியவன்தான். ஆனால் வருடா வருடம் தூக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இவன் தூக்கவில்லை. நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அறிக்கைப் படிவத்தில், ஒப்புக்கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் உண்டு. என் அறையில் ஐந்து. எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். பதினொன்றரைக்கு யாரோ கட்டிலைத் தட்டினான். தண்ணீர் வேண்டுமாம்.