உப்புத்தண்ணிக்கு பயந்து ஓடுனவன் உப்பு கழுவற கதை

என்ற ஊரு சென்னிமலை பக்கம், ஒரத்துப்பாளையம் டேமுக்கு கிட்டங்க. பாசனத்துக்குன்னு 1992ல கட்டி முடிச்ச டேமு, திருப்பூர் சாயத்தண்ணி வந்து தேங்கி சுத்துவட்டார கெணறெல்லாம் உப்பாயி தென்னை காஞ்சதுதான் மிச்சம். 2011 ஜனவரில ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகள மூடச்சொன்னப்ப நான் திருப்பூர்ல ஆர்ஓ பிளாண்ட் ஓட்டிட்டு இருந்தேன், கெமிக்கல் டிப்ளமோ வேற கையில இருந்துச்சா, குவைத்துக்கு பொட்டி கட்டிட்டேன்.

மங்காஃப்ல ஒரே ரூம்ல நாலு பேரு. மொத கோடையில கொழாயத் தொறந்தா வெந்நி, மொட்டமாடி டேங்க்கு அப்படி கொதிக்குது, அப்பறம் ரூம் அண்ணன் ஒருத்தருதான் சொல்லிக் குடுத்தாரு, வெயில் காலத்துல கீசர ஆஃப் பண்ணி வெச்சுட்டு அதுல இருக்கற தண்ணிய எடுத்து குளிக்கோணும்னு. கீசரு பச்சத்தண்ணி குடுக்கற ஊருங்க அது!

கொஞ்ச வருசம் தண்ணி பிளாண்ட்ல இருந்துட்டு ஒரு ரிஃபைனரில டீசால்ட்டருக்கு மாறுனேன், அதாவது கச்சா எண்ணெயில இருக்கற உப்ப தண்ணி விட்டுக் கழுவி, கரண்டு குடுத்து பிரிக்கற எடம். போன லீவுல இத அப்புச்சிகிட்ட சொன்னா, "எண்ணெயும் தண்ணியும் தானா பிரியுமேடா சாமி, அதுக்கெதுக்கு கரண்டு?"ங்கறாரு. நல்ல கேள்விதான். கச்சா எண்ணெய் கூடவே பாறைக்கு அடியில இருக்கற உப்புத்தண்ணியும் ஏறி வருது, பம்புலயும் வால்வுலயும் அடிபட்டு அடிபட்டு கண்ணுக்குத் தெரியாத துளியா ஒடைஞ்சு, எண்ணெயில இருக்கற தாரு மாதிரி சரக்கு அது மேல தோலாட்டம் படிஞ்சுக்கும். ஒண்ணோட ஒண்ணு சேராது. அதனால எண்ணெய 130 டிகிரி வாக்குல சூடு பண்ணி, தோல ஒடைக்க மருந்து விட்டு, நூத்துக்கு அஞ்சு பங்கு நல்ல தண்ணி கலந்து மிக்ஸிங் வால்வுல விட்டா உப்பு அந்தத் தண்ணிக்கு வந்துரும், அப்பறம் பெரிய டிரம்முக்குள்ள 20,000 வோல்ட் அளவுல கரண்டு குடுத்தா துளியெல்லாம் ஒண்ணையொண்ணு இழுத்து பெருசாயி அடியில எறங்கிரும். ஆயிரம் பேரலுக்கு ஒரு பவுண்டு உப்புக்கு மேல போகக்கூடாதுங்கறது கணக்கு.

எறங்காம போச்சுன்னா? சோத்துப்புக்கூட அவ்வளவா பிரச்சன இல்லீங்க, மெக்னீசியம், கால்சியம் குளோரைடுதான் வில்லன். ஃபர்னஸ் சூட்டுல அது ஆசிட் ஆவியாயி, எண்ணெயக் காய்ச்சிப் பிரிக்கற டவர் உச்சிக்கு போயி, அங்க தண்ணி குளுந்து துளிக்கற எடத்துல கரைஞ்சு பைப்ப அரிச்சுத் தின்னுரும்.

நானும் ஒருக்கா சொதப்பிருக்கேன். நைட் ஷிஃப்ட், உப்பு கொஞ்சம் கூட வருதேன்னு மிக்ஸிங் வால்வ இன்னும் இறுக்குனேன், ரொம்ப கடைஞ்சதுல எண்ணெயும் தண்ணியும் கலந்த எமல்ஷன் மோராட்டம் கெட்டியாயி மேல ஏறி, டிரம்முக்குள்ள கரண்டு குடுக்கற கிரிட்டத் தொட்டுருச்சு, ஆம்ப்ஸ் ஏறுது, வோல்டேஜ் படுத்துருச்சு. லெவல் மீட்டர் என்னமோ எல்லாம் நல்லாருக்குதுன்னே காட்டுது! டிரம்முல வேற வேற ஒயரத்துல சாம்பிள் எடுக்கற கொழாய், ட்ரைகாக்ம்பாங்க, அத ஒவ்வொண்ணா தொறந்து பாத்தா எல்லாத்துலயும் காப்பி கலர் கொழகொழா. வால்வ லூஸ் பண்ணி, மருந்த ஏத்தி, அது தெளியறதுக்குள்ள விடிஞ்சுருச்சு.

எல்லாத்தையும் கேட்டுட்டு அப்புச்சி ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "அந்த கழுவுன தண்ணிய எங்க சாமி விடறீங்க?"

"அதுக்குன்னு தனியா சுத்தம் பண்ற பிளாண்ட் இருக்குதுங் அப்புச்சி."

"இங்கயும் அப்படித்தான் சொன்னாங்க"ன்னுட்டு எருமைக்கு தண்ணி காட்ட எந்திரிச்சு போயிட்டாரு.