ஆ என்றால் பசு, எதிர்வீட்டில் ‘அந்த’

குரூப் 4 தேர்வின் பொதுத்தமிழுக்குப் படிப்பவர்களில் பலர், ஓரெழுத்து ஒருமொழியை, அதாவது ஓர் எழுத்தே சொல்லாக நின்று பொருள் தருவதை, ஒரே இரவில் உருப்போட்டுவிடலாம் என்று எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். நன்னூல் சொல்லும் 42 சொற்களையும் பொருளோடு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்திருந்தும், மாதிரித் தேர்வில் ஏ என்பதற்குத் தலைவன் என்றும் ஐ என்பதற்கு அம்பு என்றும் மாற்றிக் குறித்துவிட்டு வந்தேன்.

ஈரோட்டுப் பக்கம் எங்கள் தெருவில் பாதி வீடுகள் தறி ஓட்டுபவை. வெளியே தமிழ் பேசும் அவர்களில் சிலர் வீட்டுக்குள் கன்னடமும், சிலர் தெலுங்கும் பேசுவார்கள். ஒரு நாள் திண்ணையில் அமர்ந்து “ஆ பசு, ஈ கொடு” என்று நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்ததைக் கேட்ட எதிர்வீட்டு ஆத்தா, “எங்கூட்டுல ஆன்னா அந்த, ஈன்னா இந்த, கண்ணு” என்று சொல்லிச் சிரித்தார். அவர் வீட்டுக் கன்னடத்தில் மட்டுமன்று, தெலுங்கிலும் மலையாளத்திலும் அவை சுட்டுச் சொற்களே. அதன் பிறகு நன்னூலைப் புரட்டியபோது, செய்யுளில் ‘அ’ என்ற சுட்டு நீண்டு ‘ஆயிடை’ (அந்த இடம்) என வரும் என்ற விதி, அதுவரை வெறும் மனப்பாடமாக இருந்தது, சட்டென்று விளங்கியது. அந்தச் சொல்லின் முதலில் நிற்கும் ஆ பசுவன்று. ஆத்தா வீட்டு ஆவைப் போலச் சுட்டுதான்.

ஈ என்பதைப் படிக்கும்போது தா, கொடு ஆகியவற்றையும் சேர்த்துப் படியுங்கள். தாழ்ந்தவன் கேட்பது ஈ, ஒத்தவன் கேட்பது தா, உயர்ந்தவன் கேட்பது கொடு என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. (சின்னப் பிள்ளையிடமும் “குடுங்க சாமி” என்று கேட்கும் எங்கள் ஊரில் இந்தப் பிரிவினை செல்லாது என்பது வேறு விஷயம்.)

பிற மொழிப் பொருளை நினைவுக்குத் துணையாக மட்டும் கொள்ள வேண்டும். நா தமிழில் நாக்கு, தெலுங்கில் ‘என்’. நீ தமிழில் முன்னிலைப் பெயர், தெலுங்கில் ‘உன்’. “நா பேரு, நீ பேரு” என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடும்போது என் பேர், உன் பேர் என்றுதான் சொல்லுகிறார்கள். இந்தியில் கா, கோ இரண்டும் வேற்றுமை உருபுகள். நமக்கோ அவை சோலையும் அரசனும். ஒலி ஒத்திருப்பதால் உறவு என்று முடிவு கட்டினால் விடைத்தாளில் இடறுவோம். எனக்குக் குழப்பம் தந்த ஏ, ஐ இரண்டையும் தமிழுக்குள்ளேயே ஏவுகணை, ஐயன் என்ற சொற்களோடு முடிச்சுப் போட்ட பிறகு அவை இடம் மாறவில்லை.

கடைசிவரை என்னிடம் வசப்படாதது ஓ. மதகுநீர் தாங்கும் பலகை என்று புத்தகம் சொல்கிறது; வியப்பொலியாக மட்டுமே கேட்ட எழுத்துக்கு இப்படி ஒரு பொருளா என்று எரிச்சலாக இருந்தது. தண்ணீர் விட்டிருந்த ஒரு நாள் காலிங்கராயன் வாய்க்கால் பக்கம் அப்பாவுடன் வயலுக்குப் போனேன். அவர் மடையின் இருபுறக் காடியில், பாசி படிந்த பலகையை இறக்கிக் காலால் மிதித்து அழுத்தினார். அதன் அடியில் கசிந்த நீரை அடைக்க, நான் ஒரு கை சேற்றை அள்ளி அப்பினேன்.