அப்பத்தாவின் தாலாட்டும் சவுண்ட் கார்டு இரைச்சலும்

கோட்டையூர் வீட்டில் அப்பத்தா பாடிய தாலாட்டு ஆறு கேசட்டுகளில் இருக்கிறது. 1980களில் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பதிந்து வைத்தவை, எல்லாம் அறுபது நிமிட கேசட். நாடா கெட்டுப்போகும் முன் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று போன மாதம் வேலையைத் தொடங்கினேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு கேசட் டெக் கிடைத்தது. பெல்ட் மாற்றினேன், ஓடியது. டெக்கிலிருந்து ஒயரை கம்ப்யூட்டரின் நீல நிற லைன்-இன் ஓட்டையில் சொருகி ஹெட்போனை மாட்டினால், அப்பத்தா குரலுக்கு முன்னால் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். அதன் மேலே ‘ஸ்ஸ்ஸ்’. மவுஸை நகர்த்தினால் தனியாக ஒரு ‘கிர்ர்ர்’.

முதலில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் இரைச்சல் நீக்கியைப் போட்டுப் பார்த்தேன். ரீங்காரம் போனது. கூடவே குரலும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது. ‘ரா ரா ரோ’ என்று அப்பத்தா இழுத்து முடிக்கும் இடத்தில் மூச்சு தேய்வது அழகாக இருக்கும். அது அப்படியே அழிந்துபோனது. இரைச்சல் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே அடைப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

‘ஸ்ஸ்ஸ்’ சுலபமாகப் போய்விட்டது. எதையும் சொருகாத மைக் சேனல் திறந்தே இருந்தது, பூஸ்ட்டும் உச்சத்தில் இருந்தது. இரண்டையும் அணைத்ததும் பெரும்பகுதி அடங்கியது. மீதி நாடாவின் இயல்பான சத்தம், அதைத் தொடவில்லை. ‘கிர்ர்ர்’ வந்தது கேபினட்டின் முன்பக்க ஹெட்போன் ஓட்டையில். அதற்குப் போகும் ஒயர் உள்ளே கிராபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டு ஓடுகிறது. மவுஸ் நகரும்போது கார்டு இழுக்கும் மின்சாரம் ஏறி இறங்குவதை அந்த ஒயர் பிடித்துக்கொள்கிறது. ஹெட்போனைப் பின்பக்கப் பச்சை ஓட்டைக்கு மாற்றினேன், நின்றது.

ரீங்காரம் மட்டும் ஒரு வாரம் எடுத்தது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஆடாசிட்டியின் ஸ்பெக்ட்ரம் படத்தில் 50, 100, 150 ஹெர்ட்ஸில் முள் முள்ளாக நின்றது. நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஆகவே ரீங்காரம் கரண்டிலிருந்துதான், சந்தேகமே இல்லை. மச்சானின் லேப்டாப்பைச் சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் ஓடவிட்டு அதே டெக்கை மாட்டினேன். ரீங்காரம் இல்லை. டெக்கும் ஒயரும் நல்லவை என்று தெரிந்துவிட்டது. பிறகு என் கேபினட்டின் மேல் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. சில நாட்களாக வெறுங்கையால் தொட்டால் சுருக்கென்று இருந்ததற்கும் காரணம் கிடைத்தது. கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் வடிகட்டியில் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் தகரப் பெட்டிக்கு ஒவ்வொரு சிறு கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் கிட்டத்தட்ட பாதி வோல்ட்டேஜில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும்.

மூணு பின் பிளக்கில்தானே சொருகியிருக்கிறேன் என்று எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். சுவிட்ச் போர்டைக் கழற்றிக் காட்டினார்.

“தம்பி, ஓட்டை மூணு இருக்கு, உள்ள ஒயரு ரெண்டுதான் இருக்கு.”

இரண்டாங்கட்டு அறையில் இன்னும் மரப்பட்டியில் ஓடும் பழைய ஒயரிங்தான். பிளக் பாயிண்டை மட்டும் யாரோ புதிதாக மாற்றியிருக்கிறார்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருப்பவர்கள் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள். வெளியே பார்த்தால் தெரியாது.

பின்கட்டில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடினோம். நம் செம்மண் கோடையில் கல்லாய் இறுகிவிடும். ஈரம் இல்லாவிட்டால் எர்த் சரியாக வேலை செய்யாது. அதனால் குழாய் வாயில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பச்சை ஒயரை அறைக்குக் கொண்டுவந்த பிறகு மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 228 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2 வோல்ட். கேபினட்டில் டெஸ்டர் எரியவில்லை.

டெக்கை மட்டும் மாட்டியபோது அமைதி. கேட்டுப் பார்க்க ஆம்ப்ளிஃபயரை இணைத்தேன், ரீங்காரம் திரும்பி வந்தது! ஆம்ப்ளிஃபயர் வளவுப் பக்கம் வேறு பிளக்கில் இருந்தது, அதற்குப் பழைய கிணற்றடி எர்த். இரண்டு எர்த்துக்கும் இடையில் சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசம் இருக்கும். அது ஆடியோ ஒயரின் வெளிச்சுற்று வழியாக ஓடித் தன்னைச் சமன்செய்துகொள்ளும், அந்த ஓட்டம்தான் காதில் விழுகிறது. “எர்த் பின்னை வெட்டிவிடு, சத்தம் போயிடும்” என்றார் மச்சான். சத்தம் போகும்தான். ஆனால் உள்ளே ஒரு ஒயர் கழன்று தகரப் பெட்டியில் பட்டால் தொடுகிறவர் போய்விடுவார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். ஆம்ப்ளிஃபயர், கம்ப்யூட்டர், டெக் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினேன். அத்தோடு தீர்ந்தது. ஒரே இடத்துக்குக் கொண்டுவர முடியாதவர்களுக்குச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐசொலேட்டர் இருக்கிறது, ஆடியோ ஒயரின் நடுவில் போடுவது.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் எங்கள் வீட்டில் ‘ர்ர்ர்’ என்று வரும். எங்களுடையது சதுர அலை வகை. அந்த நேரத்தில் பதிவதில்லை.

எல்லாம் முடிந்து முதல் கேசட்டை ஓட்டினால் மறுபடியும் மெல்லிய ரீங்காரம். டெக்கை நிறுத்தினால் இல்லை, நாடா ஓடினால் மட்டும் இருக்கிறது. ஆகவே இது கேசட்டிலேயே பதிந்தது, அன்றைக்கு அப்பச்சி கரண்டில் மாட்டிப் பதிந்த ரெக்கார்டரின் சத்தம். ஸ்பெக்ட்ரத்தின் நுணுக்கத்தைக் கூட்ட அதன் அளவை 65536 வைத்துக் கூர்ந்து பார்த்தேன். முள் 50இல் இல்லை, 52இல் நின்றது.

அப்பச்சி முதல் நாளே சொல்லியிருந்தார்: “எங்காத்தா குரல் இம்புட்டுக் கீச்சா இருக்காதே.” நான் இரைச்சல் நீக்கியின் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 50இல் நிற்க வேண்டிய முள் 52இல் நிற்கிறது என்றால், டெக்தான் 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது. ஆனால் 80களில் நம் ஊர்க் கரண்டின் ஹெர்ட்ஸே நிலையாக இருந்ததில்லை, அதை மட்டும் நம்பக் கூடாது. கேசட்டாகவும் சீடியாகவும் எங்களிடம் உள்ள ஒரு நாதஸ்வரக் கச்சேரியை வைத்துச் சரிபார்த்தேன். சீடியில் சரியாக 20 நிமிடம் வரும் ஆலாபனை டெக்கில் 19 நிமிடம் 14 விநாடியில் முடிந்தது. இரண்டு கணக்கும் ஒத்துப்போயின. மோட்டார் முதுகில் ஊசித் துளைக்குள் ஒரு குட்டித் திருகு இருக்கிறது. மெல்லத் திருப்பி, முள்ளை 50க்குக் கொண்டுவந்தேன்.

அப்பச்சி பட்டாலையில் உட்கார்ந்து கேட்டார். இரண்டாவது பாட்டில் தொட்டிலில் அழுவது என் பெரியத்தான் என்றார். முதல் தடவை போட்டபோது அந்த அழுகையே கேட்கவில்லை.

பதிந்த அசலை டபிள்யூஏவி கோப்பாக அப்படியே வைத்திருக்கிறேன். நகலில் மட்டும் 50, 100 ஹெர்ட்ஸைக் குறுகலாக வெட்டினேன், அப்பத்தா குரல் அதற்கெல்லாம் மேலேதான் தொடங்குகிறது. நான்கு கேசட் முடிந்தது. ஐந்தாவதில் ஒரு பக்கம் மங்கலாகக் கேட்கிறது. நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்து பார்க்க வேண்டும்.