சந்தேக மரணக் கேள்வியில் நான் கோட்டை விட்ட இடம்

குற்ற நடைமுறைச் சட்டத் தாளுக்குப் படிக்கிறவர்களுக்காக இது. எங்கள் மாதிரித் தேர்வில் வந்த கேள்வி: கிணற்றில் ஒரு பெண்ணின் உடல் மிதக்கிறது. கல்யாணமாகி நாலு வருஷம். கணவர் "கால் தவறி விழுந்துட்டா" என்கிறார். காவல்துறை என்ன செய்யும்? நான் முதல் வரியிலேயே "எதிரியைக் கைது செய்து விசாரிப்பார்கள்" என்று தொடங்கி இரண்டு பக்கம் நிரப்பினேன். ('எதிரி' என்றால் சட்டத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவர்.) பதினைந்துக்கு நாலு மார்க்.

மாமா ஒருவர் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விடைத்தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார். "செத்தது எப்படின்னே தெரியல. அதுக்குள்ள எதிரி எங்கேர்ந்தும்மா வந்தான்?"

என் பதில் சறுக்கியது அங்கேதான். நாம் பேச்சில் '174 போட்டிருக்காங்க' என்போமே, பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவுதான் இப்போது பி.என்.எஸ்.எஸ். என்கிற புதுக் குற்ற நடைமுறைச் சட்டத்தில் 194. அந்தக் கட்டத்தில் கேட்கப்படுவது ஒன்றே ஒன்று: மரணத்துக்கு வெளிப்படையாகத் தெரியும் காரணம் என்ன? ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேராவது உடனிருக்க, உடலில் என்ன காயம், என்ன தழும்பு, எதனால் ஏற்பட்டது போலிருக்கிறது என்று எழுத வேண்டும். யார் செய்தது என்பது அந்த அறிக்கையின் வேலை அல்ல. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் சந்தேகப்படும்படியாக இறந்த பெண் என்பதால் பிரேதப் பரிசோதனையும் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் வரும். கேள்வியில் 'நாலு வருஷம்' என்று கொடுத்ததே இதற்காகத்தான். நான் அதைக் கதை என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன்.

சரி, சந்தேகம் ஒருவர் மேல் எப்படி விழுகிறது? கடைசியாக உயிரோடு பார்த்தது யார், கொடுக்கல் வாங்கல் யாரோடு, சாவுக்கு அப்புறம் யாருடைய நடத்தை மாறியது. இதை வறட்டுப் பட்டியலாக மனப்பாடம் செய்யாமல், பகாலா நாராயண சுவாமி வழக்கைக் கதையாகப் படியுங்கள். 1937 மார்ச்சில் புரி ரயில் நிலையத்தில், மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கிடந்த இரும்பு டிரங்குப் பெட்டிக்குள் ஒருவரின் உடல், துண்டு துண்டாக. இறந்தவர் பித்தாபுரம்காரர். பெர்ஹாம்பூரில் இருந்த பகாலா குடும்பம் அவருக்குக் கடன் பாக்கி. அவருக்குக் கையெழுத்தில்லாத ஒரு கடிதம் வந்தது. பணம் வாங்கப் பெர்ஹாம்பூர் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். டிரங்குப் பெட்டியை வாங்கியதில் அந்த வீட்டுச் சலவைத் தொழிலாளியின் பெயர் வருகிறது. பெட்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன ஜட்கா வண்டிக்காரர் சாட்சி சொல்கிறார். பெட்டி, வண்டி, கடன் மூன்றும் ஒரே வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன.

தேர்வுக்குத் தேவையான திருப்பம் இனிமேல்தான். பின்னால் எதிரியான பகாலா நாராயண சுவாமி, கைதாவதற்கு முன்பே போலீசிடம், "அவர் என் வீட்டுக்கு வந்தார், தங்கினார், மறுநாள் சாயங்காலம் போய்விட்டார்" என்று சொல்லியிருந்தார். அப்போது அவர் எதிரி இல்லையே, அந்தப் பேச்சைச் சாட்சியமாக எடுக்கலாமா? கூடாது என்றது பிரிவி கவுன்சில் (லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றம்), 1939இல். விவரம் தெரிந்த 'எந்த நபரையும்' விசாரிக்கலாம் என்று சட்டம் சொல்லும்போது, பின்னால் எதிரியாகப்போகிறவரும் அதில் அடக்கம். புலன்விசாரணையில் சொன்னது என்பதால் பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 162ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் இறந்தவர் மனைவியிடம் சொன்னது மரண வாக்குமூலமாக ஏற்கப்பட்டது. தண்டனையும் நின்றது. இந்த ஒரு தீர்ப்பை ஒழுங்காகப் படித்தால் போலீசிடம் சொன்னது, மரண வாக்குமூலம் என இரண்டு கேள்விக்கு விடை கையில் இருக்கும்.

அதனால் பதிலில் அந்தக் கணவரை முதலில் 'விவரம் தெரிந்த நபர்' என்றே எழுதுங்கள். பி.என்.எஸ்.எஸ். 179இல் அழைப்பு, 180இல் விசாரணை. தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது. நிறையப் பேர் இதில் மார்க் விடுகிறார்கள். மாமியாரை விசாரிக்க வேண்டுமா? பெண் என்பதால் வீட்டுக்குத்தான் போக வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. ஆண்களில் இந்தச் சலுகை வயது முன்பு 65க்கு மேல், இப்போது 60க்கு மேல். பழைய கைடு வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆதாரம் கிடைத்து, சந்தேகம் உறுதியான பிறகுதான் 'எதிரி'. அதற்குப் பிறகு கைதாகிப் போலீசிடம் அவர் ஒப்புக்கொண்டாலும் செல்லாது. அந்தப் பேச்சால் கண்டெடுக்கப்பட்ட பொருள் தொடர்பான பகுதி மட்டும் நிற்கும். முன்பு சாட்சியச் சட்டம் 27, இப்போது பி.எஸ்.ஏ. என்கிற புதுச் சாட்சியச் சட்டத்தில் 23இன் காப்பு வாசகம் (விதிவிலக்குச் சொல்லும் பகுதி). உண்மை கண்டறியும் சோதனை என்று எழுதினால் சம்மதம் வேண்டும் என்பதையும், அதைச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2010 செல்வி வழக்குத் தீர்ப்பையும் சேர்த்தே எழுதுங்கள்.

எண்கள் குழப்பும். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள்தான் என்றாலும் தீர்ப்புகளெல்லாம் பழைய எண்ணில் பேசுகின்றன. நான் ஒரு அட்டையில் 174–194, 160–179, 161–180, 162–181 என்று எழுதி சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன். செமஸ்டர் தேர்வில் கிணறு வரவில்லை. பூட்டிய வீட்டுக்குள் விஷம் குடித்துக் கிடந்த முதியவர் வந்தார். கடைசி அரைப் பக்கம் வரை 'எதிரி' என்ற சொல்லை நான் எழுதவே இல்லை.