வாள்வீச்சுக் களத்தில் ‘நில்’ சொல்லும் பொறுப்பு

தரங்கம்பாடியில் டேனியர் காலத்து வாட்போரை நடித்துக் காட்ட எங்கள் குழு முடிவு செய்ததும், களப் பாதுகாப்புக்கு ஒருவர் வேண்டும் என்ற பேச்சு வந்தது. நான் முன்வந்தேன். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் இங்கே கோட்டை கட்டிய நாட்களில், ஐரோப்பியர் கையில் இருந்தது ரேப்பியர் என்னும் நீண்ட, மெல்லிய வாள். அது முக்கியமாகக் குத்துவதற்கெனச் செய்யப்பட்டது. அதனால்தான் விதிகளும் கடுமை.

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர், 1966 முதல் அமெரிக்காவில் பழங்கால வாட்போரை நிகழ்த்திவரும் ஆர்வலர்களின் விதிகளைத் தழுவி எங்களுக்குப் பாடம் வைத்திருந்தார். விதிகளைப் படிப்பது, அவருக்குத் துணையாகக் களத்தில் நிற்பது, கடைசியில் அவர் பார்த்திருக்கத் தனியாக நடத்துவது. இதுதான் தேர்வு.

அதிக நேரம் பிடித்தது கருவிச் சோதனை. முகக்கவசத்தின் கம்பி வலையில் கூர்முனைக் கருவியை வைத்து 12 கிலோ விசையில் அழுத்த வேண்டும். கண்ணி விலகினால் அந்தக் கவசம் அன்றோடு சரி. கடற்காற்றில் வலை சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், எங்கள் ஊரில் இந்தச் சோதனையை அடிக்கடி செய்தாக வேண்டும். 1982-இல் ரோம் உலகப் போட்டியில், உடைந்த வாள் முகக்கவசத்தைத் துளைத்ததில் சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்தார். அதைப் படித்த பிறகு எந்த வலையையும் மேலோட்டமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வாளின் அலகில் பஞ்சை ஓட்டிப் பார்ப்பேன்; பிசிறு இருந்தால் பஞ்சு சிக்கிக்கொள்ளும். வளைத்தால் அலகு சீரான வில்லாக வளைய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மடிந்தால் ஒதுக்கிவிட வேண்டியதுதான். கழுத்துக் காப்பு, அக்குளில் கிழிசல் இல்லாத தடித்த மேலாடை ஆகியவற்றையும் விட்டுவிட முடியாது.

குழுவின் மூத்தவர் ஒரு சிலம்ப ஆசான். கழுத்துக் காப்பைக் கையில் வாங்கவே மறுத்தார். “முப்பது வருஷமாகக் கம்பு சுற்றுகிறேன் தம்பி, எனக்கு எதற்கு இது?” என்றார். பெரியவரைத் தடுக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இல்லை. ஆனால் அவர் காப்பில்லாமல் இறங்கினால் மாணவர்களும் கழற்றிவிடுவார்கள். “ஐயா, உங்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் போடுவார்கள். நீங்கள் போடாமல் ஆட்டம் தொடங்காது” என்றேன். எல்லோரும் காத்திருந்தோம். சற்று நேரத்தில் அவரே வாங்கி அணிந்துகொண்டார். களத்தில் மேற்பார்வையாளரின் சொல் வயதுக்கும் பெயருக்கும் அடங்கக் கூடாது என்பதில் எனக்கு இம்மியளவும் சந்தேகமில்லை.

தனியாக நடத்திய அன்று பயிற்சியாளர், ஒரு மாணவனிடம் ஆட்டத்தின் நடுவே வாள்முனையின் ரப்பர் மூடியைக் கழற்றச் சொல்லிவைத்திருக்கிறார். மூடிமேல் ஆரஞ்சு நிற நாடா சுற்றியிருந்ததால் அது காணாமல் போனது உடனே தெரிந்தது. “நில்!” என்றேன். அந்தச் சொல் யார் காதில் விழுந்தாலும் திருப்பிக் கத்திவிட்டு அசையாமல் நிற்க வேண்டும்; சுற்றி நின்றவர்கள் அப்படியே செய்தார்கள். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் நான்கு அடுக்குத் துணியோடு ஆடியவன் தள்ளாடியபோதும் நிறுத்தி, நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

பயிற்சியாளர் அன்றே அனுமதித் தாளில் கையெழுத்திட்டார், ஒரு நிபந்தனையுடன்: நான் வாளெடுத்து இறங்கும் ஆட்டத்தை நானே மேற்பார்வையிடக் கூடாது. அதற்காக மயிலாடுதுறையிலிருந்து வரும் இருவரை இப்போது பழக்கிக்கொண்டிருக்கிறேன்.